வில்னோரை மேலே அழைத்த நாள்

"யார் பேசறது?" என்று கேட்டாள் அந்த்ரெமீஸ், யாரென்று நன்றாகத் தெரிந்துகொண்டே.

கானிமீடிலிருந்து ஒரு சொல் யூரோப்பாவிலுள்ள புது ழெரெமிக்கு வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும். வியாழனைச் சுற்றும் நிலவுகளுக்கு நடுவே எல்லாப் பேச்சும் அப்படித்தான். சண்டை போடுகிறவர்களுக்கு இது பெரிய தொல்லை. திட்டிவிட்டு, அந்தத் திட்டு போய்ச் சேரும்வரை சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்.

"நான்தான். செலானி."

செலானி காத்திருந்தாள். எழுந்து போய்விடலாமா என்று தோன்றியது. போகவில்லை.

"எந்தச் செலானி? புது ழெரெமியில ஒரு செலானியை எனக்குத் தெரியும். செத்தாலும் உன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்னு கத்திட்டுப் போனா அவ."

"இன்னும் சாகலை. அதான் கூப்பிடறேன்."

கொஞ்சம் கழித்துச் சிரிப்பு வந்து சேர்ந்தது. பழைய சிரிப்புதான், மூக்கில் தொடங்கி வயிற்றில் முடிகிற சிரிப்பு. செலானியின் மத்தளக்காரனை மயக்கிக் கட்டிக்கொண்டு கானிமீடுக்குக் கப்பலேறியபோதும் அவள் இப்படித்தான் சிரித்திருப்பாள்.

"சொல்லு. என்ன வேணும்?"

"என் பையனை மேலே அழைக்கணும். நீ வந்து அழைக்கணும்."



"வில்னோரையா? அதுக்குள்ள நாள் வந்துடுச்சா?"

"வந்துடுச்சு."

"எனக்குச் சேதி வந்தப்பவே உன்னைக் கூப்பிடணும்னு நினைச்சேன். நீ எடுக்க மாட்டியேன்னு விட்டுட்டேன்."

"எடுத்திருக்க மாட்டேன்தான்."

"ஆனா ஒண்ணு புரியலையே. அந்த ஊர்ச் செத்தவங்களை எல்லாம் நீதானே அழைக்கிறே. உன் பிள்ளைக்கு மட்டும் நான் எதுக்கு?"

செலானி முந்தானைத் துணியின் ஓரத்தை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடியும் சுற்றினாள்.

"அழைக்கிற போர்வைக்குள்ள நான் உக்காந்தா அவன் என் வாயாலதான் பேசுவான். அவன் பேசறப்ப நான் அங்க இருக்க மாட்டேன். அவன் குரலை நான் கேக்கணும், கொமே."

பெண்ணும் பெண்ணும் உடன்பிறந்தவள்போல் நினைத்துக் கூப்பிட்டுக்கொள்ளும் சொல் அது. மத்தளக்காரன் போன பிறகு செலானி அதை இவளுக்குச் சொன்னதில்லை.

 அந்த்ரெமீஸ் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வரேன். மத்தளக்காரனையும் கூட்டிட்டு வரட்டுமா?"

"இப்பவாவது தாளம் தப்பாம அடிக்கிறானா?"

"வீட்லதான் தப்பறான். மத்தளத்துல தப்பறதில்லை."

*

செலானி ஒரு மம்போ. பூசை நடத்துகிறவள், ஆவிகளைக் கூப்பிடுகிறவள். லுவாக்கள் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பெரிய ஆவிகள் மனிதன் தலைமேல் ஏறித்தான் பேசும். ஏறப்பட்டவனைக் குதிரை என்பார்கள். குதிரைக்கு எதுவும் நினைவிருக்காது. யார் ஏறினார், என்ன சொன்னார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னால்தான் உண்டு.

செத்தவர்களும் அப்படியே. செத்தவன் முதலில் தண்ணீருக்கு அடியில் போவான். ஓராண்டும் ஒரு நாளும் அங்கே குளிரில் இருப்பான். அது முடிந்ததும் வரும் பொது அழைப்பு நாளில் சொந்தக்காரர்கள் அவனை மேலே அழைத்து மண்குடத்தில் இருத்த வேண்டும். அந்த நாளைத் தவறவிட்டால் அவனுக்கு வீடே கிடையாது, குழாய் குழாயாக அலைய வேண்டியதுதான். மேலே வரும் அந்த ஒரு முறை மட்டும் தன் சொந்தக் குரலில் பேசுவான். குடத்துக்குள் போய்விட்டால் அவன் முன்னோர்களில் ஒருவன். முன்னோர்கள் எல்லோருக்கும் ஒரே குரல்தான்.

பூமியில், தங்கள் பழைய தீவில் இருந்தவரை கடலுக்கு நடந்து போக வேண்டியிருந்தது. இங்கே கடல் காலுக்குக் கீழேயே கிடந்தது, பனிப்பாறைக்கு அடியில், கறுப்பாக. ஊரே அந்தத் தண்ணீரை ஏற்றித்தான் பிழைத்தது.

புது ழெரெமியின் செத்தவர்களை எல்லாம் செலானிதான் மேலே கொண்டுவந்தாள். விதவைகள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார்கள். "அப்படியே அவர் குரல், மம்போ! சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்." செலானி தலையாட்டுவாள், தொண்டை வலிக்கு வெந்நீர் குடிப்பாள், வீட்டுக்குப் போய்த் தூங்குவாள். அவர்களில் ஒருவர் குரலைக்கூட அவள் கேட்டதில்லை. அதைப் பற்றி அவளுக்குக் குறையும் இருந்ததில்லை, வில்னோர் போகும்வரை.

அவன் பனிக்கடலில் முக்குளிப்பவன். உறிஞ்சுகுழாயின் வாயில் பனி அடைத்துக்கொண்டால் இறங்கிப் போய்ச் செதுக்கிவிட்டு வருவான். ஒரு நாள் பாறை நகர்ந்தது. கயிறு மட்டும் மேலே வந்தது. கயிற்றின் மறுநுனியைப் பிடித்திருந்தவள் அவன் மனைவி ரோஸ்லோர்.

*

கானிமீடிலிருந்து வந்த கப்பலை ஓட்டிய பெண் படியிறங்கி நின்று கண்ணைக் கசக்கினாள்.

"இது எந்த ஊரு?"

"யூரோப்பா. இந்தா, காப்பி குடி," என்று யாரோ குவளையை நீட்டினார்கள்.

கடலரசர் ஆக்வே அவள் தலையில் ஏறியிருந்து கப்பலைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு அப்போதுதான் இறங்கியிருந்தார். நிலவுக்கும் நிலவுக்கும் நடுவே கிடக்கிற அந்த இருட்டுக் கடலில் எந்தக் கருவிக்கும் வழி தெரியாது, அவருக்குத்தான் தெரியும். பொறியாளர்கள் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் கப்பல் கிளம்பும்முன் அவர்களும் ஒரு துண்டு கேக்கை வெளிக்கதவருகே வைக்காமல் போவதில்லை.

கதவு மேற்பார்வையாளர் ஃபெனெலோன் வாசல் காக்கும் லுவாவான லெக்பாவின் பெயரைச் சொல்லித் தண்ணீர் தெளித்துவிட்டு உள்கதவைத் திறந்தார். விறைப்பான மனிதர். சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"மம்போ அந்த்ரெமீஸ், பையைத் திறந்து காட்டணும்."

"உள்ள என் உள்பாவாடைங்கதான் இருக்கு, ஃபெனெலோன்."

"விதின்னு ஒண்ணு இருக்கு."

"அப்ப விதிப்படி பாரு. கை நடுங்காம பாரு."

ஃபெனெலோன் பையைத் தொடாமலேயே முத்திரை குத்தினார். பின்னால் வந்த மத்தளக்காரன் தரையைப் பார்த்துக்கொண்டே செலானிக்கு வணக்கம் சொன்னான். அவள் அவனை ஒரு தூணைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"மெலிஞ்சுட்டே," என்றாள் அந்த்ரெமீஸ்.

"நீ மெலியலை."

"உனக்கும் சேத்துத்தான் சாப்பிடறேன்." சொல்லிவிட்டு அவள் செலானியைக் கட்டிக்கொண்டாள். எடை குறைந்த அந்த நிலவில் இரண்டு பெண்களும் ஒரு விரற்கடை தரையிலிருந்து எழும்பி மெதுவாக இறங்கினார்கள்.

*

அழைக்கும் நாள் காலையில் ரோஸ்லோர் அடுப்படியில் மரவள்ளி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். செலானி நாற்காலியில் உட்கார்ந்து தலைமயிரை அவிழ்த்துவிட்டாள்.

"என் தலையைக் கட்டு," என்றாள் அந்த்ரெமீஸிடம்.

அந்த்ரெமீஸ் சீப்பைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு நின்றாள். லுவா ஏறக்கூடாது என்றால் குதிரையின் மயிரை முடிச்சு முடிச்சாகப் போட்டு, மேலே துணியை இறுக்கிக் கட்டுவார்கள். வேலைக்குப் போகிற இடத்தில், கயிறு பிடிக்கிற நேரத்தில், பிரசவ அறையில் கட்டிக்கொள்வது உண்டு. பூசை நடக்கிற இடத்துக்கு மம்போவே தலையைக் கட்டிக்கொண்டு வந்தாள் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை.

"நான்தானே போர்வைக்குள்ள உக்காரப் போறேன். நீ வெளிய சும்மா உக்காந்திரு. போதாதா?"

"போதாது. மத்தளம் கேட்டா தாய் லுவா தான்தோ அம்மா எங்க இருந்தாலும் என் மேல வந்துடுவா. உனக்குத் தெரியாதா? உலைக்களத்துக்காரர் ஓகூ வருவார். யாராவது ஒருத்தர் வந்துடுவாங்க. அந்த நேரம் பார்த்து என் பிள்ளை பேசிட்டுப் போயிடுவான்."

"அவங்க கோவிச்சுக்க மாட்டாங்களா?"

"கோவிச்சுக்கட்டும். எத்தனை வருஷமா என் முதுகுல ஏறியிருக்காங்க. ஒரு நாள் நான் என் பிள்ளைக்கு அம்மாவா மட்டும் இருக்கக் கூடாதா?"

"செலானி, லுவாவைத் தடுக்கத் தலையைக் கட்டலாம். வர்றது உன் பிள்ளை."

"அவன் உன் வாயில பேசப்போறான். என் தலை கட்டியிருந்தா அவனுக்கு என்ன?"

 அந்த்ரெமீஸ் ஒவ்வொரு பிரியாகப் பிரித்து முடிச்சுப் போட்டாள். இழுத்த இழுப்பில் செலானியின் கண்ணில் நீர் வந்தது.

"வலிக்குதா?"

"இன்னும் இறுக்கு."

ரோஸ்லோர் ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி கேட்டாள். "என்ன கேக்கப் போறீங்க அத்தை, அவர்கிட்ட?"

"பெரிசா ஒண்ணுமில்லை. குளிருதாடான்னு கேப்பேன்." செலானி முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். "அவன் அம்மான்னு கூப்பிட்டா போதும். வேற எதுவும் சொல்லலைன்னாலும் பரவாயில்லை. நீ என்ன கேக்கப் போறே?"

 ரொட்டி கருகுகிற வாசனை வந்தது.

*

குழாய்க்கூடத்தின் நடுவே பனியை வெட்டி இறக்கிய கிணறு இருந்தது. முக்குளிப்பவர்கள் இறங்கும் வாய் அது. அதன் ஓரத்தில் வெள்ளைப் போர்வையைக் கூடாரம்போல் கட்டியிருந்தார்கள். அந்த்ரெமீஸ் சோளமாவால் தரையில் கோலம் போட்டாள். விரலிலிருந்து விழுந்த மாவு அவசரமில்லாமல் மிதந்து மிதந்து இறங்கிக் கோடாயிற்று. கிணற்றைச் சுற்றி ஊர்க்காரர்கள் வெள்ளை உடுத்தி உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு குடும்பமும் மடியில் ஒரு மண்குடம் வைத்திருந்தது. செலானியும் வைத்திருந்தாள். முதன்முறையாகக் கூட்டத்தோடு கூட்டமாக, ரோஸ்லோரின் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தாள்.

மத்தளம் தொடங்கியது. அந்த்ரெமீஸ் போர்வைக்குள் போனாள்.

முதலில் வந்தது குழாய் பொருத்துகிற கிழவர் ஒருவர். "என் பெரிய ஸ்பேனரை எவன் எடுத்தான்?" என்று போர்வைக்குள்ளிருந்து கத்தினார். அந்த்ரெமீஸின் தொண்டைதான், ஆனால் புகையிலை மென்று மென்று கெட்டுப்போன கிழவனின் குரல். அவர் மகன் எழுந்து நின்று, "நான்தான் வச்சிருக்கேன் அப்பா," என்றான். "துரு பிடிக்க விட்டியா?" "இல்லப்பா." "விட்டிருப்பே. உன்னை எனக்குத் தெரியாதா?" கூட்டம் அழுதுகொண்டே சிரித்தது.

செலானி சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். இப்படியா? இவ்வளவு தெளிவாகவா? இத்தனை வருஷமாகத் தன் வாயிலிருந்து இதுவா வந்துகொண்டிருந்தது? பக்கத்திலிருந்த ரோஸ்லோரின் கையை அவள் நொறுக்கிவிடுவதுபோல் பிடித்தாள்.

கிழவர் குடத்துக்குள் போனதும் இன்னொருத்தி வந்தாள், மகள்களை வரிசையாகத் திட்டிவிட்டுப் போனாள். பிறகு அழைக்காமலேயே கெதே வந்து சேர்ந்தார்.

சாவுக்குச் சொந்தக்காரர் கெதே. எந்தப் பூசைக்கும் கூப்பிடாமல் வருவார், எவரும் எதிர்பார்க்காதவர் தலையில்தான் ஏறுவார். இன்றைக்கு ஃபெனெலோன் தலை அகப்பட்டது. கதவோரம் விறைப்பாக நின்றுகொண்டிருந்த மேற்பார்வையாளர் சட்டென்று இடுப்பை ஒரு சுழற்று சுழற்றினார். சுவரில் மாட்டியிருந்த பற்றவைப்புக் கண்ணாடியை எடுத்து, ஒரு பக்கத்துக் கண்ணாடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு மாட்டிக்கொண்டார். ஒரு கண் உயிரோடு இருப்பவர்களைப் பார்க்க, ஒரு கண் செத்தவர்களைப் பார்க்க.

"சாராயம் எங்கடி?" மூக்கால் வரும் குரல். "மிளகாய் போட்டிருக்கீங்களா, இல்ல தாய்ப்பாலா?"

கொடுத்தார்கள். மிளகாய் மிதக்கிற சாராயத்தை ஃபெனெலோனின் தொண்டையில் தண்ணீர்போல் ஊற்றிக்கொண்டார்.

"இந்த ஆள் உள்பாவாடையைப் பாக்காம முத்திரை குத்தினானாம்! இப்படி ஒரு முட்டாளைக் குதிரையா குடுத்தா நான் எங்க போய் முட்டிக்கறது?"

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மத்தளக்காரன் அடிக்க முடியாமல் சிரித்தான்.

அப்போதுதான் போர்வைக்குள்ளிருந்து அந்த்ரெமீஸ் வில்னோரின் பெயரைச் சொன்னாள்.

சிரிப்பு நின்றது.

"வில்னோர்! செலானி பெத்த வில்னோர்! தண்ணிக்கு அடியில இருந்தது போதும். வா."

கிணற்றில் தண்ணீர் அசைந்தது. வட்டம் வட்டமாக ஓரத்தில் வந்து மோதியது. செலானி முழங்காலில் எழுந்து நின்றாள். மடியிலிருந்த குடத்தை ரோஸ்லோர் பிடித்துக்கொண்டாள்.

ஒன்றும் வரவில்லை.

"வில்னோர்! உன் வீட்டார் வந்திருக்காங்க. உன் குடம் வந்திருக்கு. வா!"

தண்ணீர் இன்னும் அசைந்தது. போர்வைக்குள் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. அந்த்ரெமீஸ் மறுபடியும் அழைத்தாள், மறுபடியும். குரல் கம்மிப்போயிற்று. மத்தளக்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தான். வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வந்தன.

போர்வையை விலக்கிக்கொண்டு அந்த்ரெமீஸ் வெளியே தலையை நீட்டினாள். முகமெல்லாம் வியர்வை.

"வந்துட்டான் செலானி. வந்ததை நான் உணர்ந்தேன். என் பக்கத்துல வந்தான். என்னைத் தாண்டிப் போயிட்டான்."

"தாண்டி எங்க போனான்?"

"தெரியலையே."

"எனக்குத் தெரியுதே," என்றார் கெதே. கண்ணாடியில்லாத பக்கத்துக் கண்ணை இடுக்கிக்கொண்டு அவர் செலானியின் பின்னால் எதையோ பார்த்தார். "ஏய் கிழவி. உன் வீட்டுக் கதவை எதுக்கடி பூட்டி வச்சிருக்கே?"

செலானியின் கை தானாகத் தலைத்துணிக்குப் போயிற்று.

"வாசல்ல நிக்கிறான் பையன். சொட்டச் சொட்ட நிக்கிறான். தட்டறான், தட்டறான், திறக்க மாட்டேங்கறே. பக்கத்து வீட்ல விளக்கு எரியுது, அங்க போடான்னா போக மாட்டேங்கறான்." கெதே சாராயத்தை இன்னொரு வாய் குடித்தார். "குளிர்ல இருந்து வர்ற பிள்ளை வேற எங்கடி போவான்?"

"அவகிட்டப் போகச் சொல்லுங்க பப்பா கெதே," என்றாள் செலானி. "அவ என் கொமே. நல்லவ. அவ வாயால பேசச் சொல்லுங்க. நான் கேக்கணும்."

"சொல்லிட்டேன். கேக்கல."

"இன்னொரு தரம் சொல்லுங்க. உங்க கால்ல விழறேன்."

கெதே கேலி செய்யவில்லை. மூக்குக் குரல் தாழ்ந்தது. "தண்ணியைப் பாரு."

எல்லோரும் பார்த்தார்கள். ஓரத்தில் மட்டும் மெலிதாக ஒரு சுருக்கம் மிச்சமிருந்தது.

"அது நின்னுட்டா அவன் திரும்பிப் போயிடுவான். இந்த நாளு போனா வேற நாளு கிடையாது. அதை நீ இவங்களுக்கெல்லாம் சொல்லியிருக்கே. உனக்கு நான் சொல்லணுமா?"

செலானி ரோஸ்லோரைப் பார்த்தாள். ரோஸ்லோர் குடத்தை நெஞ்சோடு சேர்த்து அணைத்திருந்தாள்.   கயிறு பிடித்த அதே பிடி.

"சரி," என்றாள் செலானி. யாருக்குச் சொன்னாள் என்று தெரியவில்லை. "சரி, சரி."

தலைத்துணியை உருவி எறிந்தாள். முடிச்சுகளைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை, அவ்வளவு இறுக்கிப் போட்டிருந்தது. அந்த்ரெமீஸ் ஓடிவந்து ஒரு பக்கம் அவிழ்த்தாள், இன்னொரு பக்கம் செலானியே பிய்த்தாள்.

"ரோஸ்லோர், நான் கேக்கணும்னு சொன்னது ஞாபகம் இருக்கா? குளிருதான்னு கேளு. என்ன சொல்றான்னு அப்படியே ஞாபகம் வச்சுக்கோ. ஒரு வார்த்தை விடாம. அவன் எப்படி—"

பிடரியில் ஈரம் பட்டது. சின்ன வயதில் குளித்துவிட்டுத் துவட்டாமல் ஓடிவந்து பின்னாலிருந்து கழுத்தைக் கட்டிக்கொள்வானே, அதே ஈரம். அவள் திரும்ப முயன்றாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

*

கண் திறந்தபோது மத்தளம் நின்றிருந்தது. தலை அந்த்ரெமீஸின் மடியில் கிடந்தது. தொண்டை எரிந்தது, உதட்டில் உப்பு. கூடமெங்கும் ஆட்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு நின்றார்கள். குடத்தின் வாய் மூடி, வெள்ளைத் துணி கட்டியாயிற்று.

"உள்ள இருக்கானா?"

"இருக்கான்," என்றாள் அந்த்ரெமீஸ். "பத்திரமா இருக்கான்."

சற்றுத் தள்ளி ஃபெனெலோன் தரையில் உட்கார்ந்து நாக்கை வெளியே நீட்டி விசிறிக்கொண்டிருந்தார். "யார் என் வாயில மிளகாயை வச்சது? பற்றவைப்புக் கண்ணாடியை உடைச்சது யாரு? இதுக்கு அறிக்கை எழுதணும்."

யாரும் அவருக்குப் பதில் சொல்லவில்லை. எல்லோரும் செலானியிடம் வந்தார்கள்.

"அப்படியே வில்னோர், மம்போ! அதே தடுமாற்றம், 'வ' வந்தா நிக்குமே, அதே!"

"என் பேரைச் சொன்னான். என்கிட்ட வாங்கின பூட்ஸைத் திருப்பித் தரலைன்னு வருத்தப்பட்டான். நானே மறந்துட்டேன்."

"சிரிச்சான் மம்போ. அந்தச் சிரிப்பு!"

செலானி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தாள். ஒவ்வொருவர் முகத்திலும் அவன் குரல் இருந்தது. இத்தனை வருஷமாக இவர்கள் வந்து கையைப் பிடித்தபோது தலையாட்டியதுபோலவே இப்போதும் ஆட்டினாள். யாரோ வெந்நீர் கொடுத்தார்கள். குடித்தாள்.

"ரோஸ்லோர் எங்கே?"

ரோஸ்லோர் கிணற்றோரம் நின்றிருந்தாள். முகம் அழுது வீங்கியிருந்தாலும் ஏதோ ஒன்று அதிலிருந்து இறங்கிப் போயிருந்தது. ஓராண்டாக மடங்கியே இருந்த தோள்கள் நிமிர்ந்திருந்தன.

"உன்கிட்ட என்ன சொன்னான்?"

"கயிறை நான் விடலைன்னு சொன்னார் அத்தை. பாறைதான் அறுத்ததாம். நீ பிடிச்ச பிடி கடைசி வரைக்கும் கைக்குத் தெரிஞ்சுதுன்னார்."

"ம்." செலானி அவள் கன்னத்தைத் தடவினாள். "நல்லது. நான் சொன்னதைக் கேட்டியா?"

"கேட்டேன். குளிருதான்னு கேட்டேன். இப்ப இல்லைன்னு சொன்னார்."

"இப்ப இல்லைன்னா?"

"இப்ப இல்லை, இங்க கதகதப்பா இருக்குன்னார்."

செலானி தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டாள். பிறகு மெல்லக் கேட்டாள். "என்னைப் பத்தி ஒண்ணும் கேக்கலையா?"

ரோஸ்லோர் அந்த்ரெமீஸைப் பார்த்தாள். அந்த்ரெமீஸ் கீழே கிடந்த தலைத்துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"என்னடி? என்ன கேட்டான்?"

"வேண்டாம் அத்தை."

"சொல்லு."

"அம்மா எங்கேன்னு கேட்டார்."

ரோஸ்லோர் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்ததுமே கேட்டார். நடுவுல நடுவுல கேட்டுக்கிட்டே இருந்தார். ஒவ்வொரு முகமாப் பாத்தார். உங்க கண்ணாலதான் பாத்தார் அத்தை. எல்லாரும் இருக்கீங்க, எங்கம்மாவை மட்டும் காணோமே, அவங்க வரலையான்னு கேட்டார்."

ஏறி வந்திருப்பவனிடம் அவன் யார்மேல் இருக்கிறான் என்று சொல்லக்கூடாது. சொன்னால் அந்த நொடியே இறங்கிவிடுவான், குடத்துக்குள் சேர மாட்டான். அது செலானிக்குத் தெரியாததா? அவளே எத்தனையோ குடும்பங்களை எச்சரித்திருக்கிறாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தண்ணி எடுக்கப் போயிருக்கா, இதோ வந்துடுவான்னு நான்தான் சொன்னேன்," என்றாள் அந்த்ரெமீஸ். "என்னைத் திட்டு. வேற என்ன சொல்றதுன்னு தெரியலை."

"நம்பினானா?"

"கொஞ்ச நேரம் வாசப்பக்கம் பாத்துக்கிட்டே இருந்தான். அப்புறம் குடத்துக்குள்ள போயிட்டான்."

செலானி குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். வாயோரத்துத் துணியைத் தடவினாள், அவிழ்க்கவில்லை. அவிழ்த்தாலும் உள்ளே இருப்பவன் இனி எல்லோருக்கும் பொதுவான கிழக்குரலில்தான் பேசுவான். மத்தளக்காரன் சத்தமில்லாமல் மத்தளங்களுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தான். பசித்த குழந்தைகள் அடுப்படிப் பக்கம் போகத் தொடங்கியிருந்தன.

"எப்படிக் கேட்டான்?" என்றாள் செலானி.

"அதான் சொன்னேனே அத்தை."

"நீ சொன்னே. அவன் எப்படிக் கேட்டான்னு கேக்கறேன்."

ரோஸ்லோர் அவள் எதிரில் உட்கார்ந்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள். "அம்மா எங்கே?"

"இப்படியா? இவ்வளவு வேகமாவா?"

"இல்லை. இழுத்துத்தான்."

"அப்ப இழுத்துச் சொல்லு. அவன் இழுப்பான். கதவைத் திறக்கறப்பவே இழுப்பான்."

ரோஸ்லோர் கண்ணை மூடிக்கொண்டாள்.  தன் குரலைத் தன்னால் முடிந்த மட்டும் தாழ்த்தி, தடிமனாக்கி, அவன் இழுத்த இடத்தில் இழுத்துச் சொன்னாள்.

"அம்மாஆ... எங்கே?"

செலானி தலையைக் குனிந்து குடத்தின்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"இல்லை," என்றாள். "இப்படி இல்லை. இன்னொரு தரம் சொல்லு."